லூவாவில் மொத்தம் ஏன் மாறிப்போகிறது?

கேள்வி: தண்டையார்பேட்டையில் இருக்கிறேன், பாலிடெக்னிக் மாணவன். பைத்தான் என்ற புரோகிராமிங் மொழி கொஞ்சம் தெரியும். காசிமேட்டில் மாமா எடுக்கும் மீன் ஏலக் கணக்கை லூவா என்ற இன்னொரு மொழியில் எழுதிப் பார்க்கிறேன். கமிஷன் போடும் ஃபங்ஷனை (தனிப் பெயர் வைத்த கட்டளைத் தொகுப்பை) கூப்பிட்டதும் மொத்தத் தொகை மாறிவிடுகிறது. 'வஞ்சிரம்' என்ற பெயரின் நீளத்தைக் கேட்டால் 24 என்கிறது. தொடரட்டுமா, விட்டுவிடட்டுமா?

பதில்: தொடருங்கள். உங்களைப் படுத்துகிற இரண்டுமே லூவா தன்னைச் சிறிதாக வைத்துக்கொண்டதால் வருபவை. அப்படிச் சிறிதாக இருப்பதுதான் அதன் அழகும்.

முதலில் மொத்தம். பைத்தானில் ஃபங்ஷனுக்குள் மதிப்பு கொடுத்த மாறி (வேரியபிள், மதிப்பைத் தாங்கும் பெயர்) அதற்குள்ளேயே அடங்கிவிடும். லூவாவில் 'லோக்கல்' என்று முன்னால் போடாவிட்டால் அது புரோகிராம் முழுவதற்கும் பொது. கமிஷன் ஃபங்ஷனிலும் 'டோட்டல்' என்றே பெயர் வைத்திருப்பீர்கள். அது உங்கள் மொத்தத்தின் மேலேயே எழுதிவிட்டுப் போகிறது. பெயரில் ஒரு எழுத்து தவறினாலும் லூவா வாய் திறக்காது, புதிதாக ஒரு பொது மாறியை உண்டாக்கிக்கொள்ளும். எனக்கு இந்த மொழியில் பிடிக்காத ஒரே விஷயம் இதுதான். ஒவ்வொரு மாறிக்கும் கண்ணை மூடிக்கொண்டு லோக்கல் போடுங்கள். விட்டுப்போனதை லூவாசெக் என்ற கருவி காட்டிக்கொடுக்கும்.

அடுத்தது வஞ்சிரம். நீளத்தைக் கேட்கும் லூவாவின் # குறி எண்ணுவது பைட்டுகளை (கணினி நினைவகத்தின் சிறு அலகுகளை), எழுத்துகளை அல்ல. எழுத்துகளைக் கணினியில் சேமிக்கும் யுடிஎஃப்-8 முறையில் ஒவ்வொரு தமிழ்க் குறியும் 3 பைட். வஞ்சிரத்தில் புள்ளிகளும் 'சி'யின் இகரக் குறியும் தனித்தனியாகச் சேர்ந்து 8 குறிகள், ஆக 24. லூவாவின் யுடிஎஃப்8 நூலகத்தில் (ஆயத்த ஃபங்ஷன்களின் தொகுப்பில்) உள்ள நீள ஃபங்ஷன் 8 என்று சொல்லும். நமக்கு வேண்டியது 5. குறிகளை ஒவ்வொன்றாக எடுத்து, யூனிகோட் எண் 3006 முதல் 3021 வரை உள்ளவற்றை (உயிர்க்குறிகளும் புள்ளியும்) விட்டுவிட்டு எண்ணுங்கள், சரியாக 5 வரும்.

இன்னும் இரண்டு இடத்தில் பைத்தான் பழக்கம் காலை வாரும். லூவாவில் 0 பொய் ஆகாது. கையிருப்பு 0 என்றாலும் 'இஃப்' உள்ளே போய்விடும். விலை போகாத கூடைக்கு நில் ('எதுவும் இல்லை' என்ற மதிப்பு) வைத்தால் பட்டியலின் நடுவே ஓட்டை விழும், அப்புறம் # எந்த நீளத்தைத் தரும் என்று சொல்ல முடியாது. நில்லுக்குப் பதில் 0 வையுங்கள்.

இவ்வளவையும் பொறுத்துக்கொள்ள என்ன இருக்கிறது? டேபிள். பட்டியல், அகராதி, ஆப்ஜெக்ட், மாட்யூல் எல்லாமே அந்த ஒன்றுதான். கூடைகளின் பட்டியலும் டேபிள், ஒரு கூடையின் மீன், எடை, விலையும் டேபிள். 1993-இல் பிரேசிலின் ரியோ கத்தோலிக்கப் பல்கலைக்கழகத்தில் பிறந்த லூவா, தொழில்முறை புரோகிராமர் அல்லாத பொறியாளர்களும் எழுதவேண்டும் என்று வளர்ந்தது. சில நூறு கிலோபைட்டில் அடங்குவதால்தான் ரெடிஸ் (தரவுத்தளம்), ஒயர்ஷார்க் (நெட்வொர்க் ஆய்வுக் கருவி), நியோவிம் (எடிட்டர்) என்று பல மென்பொருள்களுக்குள் குடியிருக்கிறது.

மாமாவின் ஐஸ் பெட்டி வெப்பத்தை அளக்க நோட்எம்சியு என்ற சிறு மின்னணு போர்டிலும் இதையே ஓட்டலாம். ஆனால் அங்கே பெரும்பாலும் 5.1 பதிப்பின் வழி வந்த லூவாதான். யுடிஎஃப்8 நூலகம் 5.3-இல் வந்தது. அதனால் மீன் பெயர் எண்ணும் வேலையைக் கணினியிலேயே முடித்துவிடுங்கள்.