எலி செய்ததும் தம்பி செய்வதும்

கேள்வி: என் தம்பிக்கு ஓசிடி, அதாவது ஒரே பயமும் ஒரே செயலும் திரும்பத் திரும்ப வரும் மனநோய். கதவைப் பூட்டிவிட்டு இருபது தடவையாவது திரும்பிப் போய்ப் பார்க்கிறான். டோபமைன் மருந்து கொடுத்தால் எலிக்கும் ஓசிடி வருமாமே? ஓர் ஆலோசகர் சிறுநீரில் டோபமைன் டெஸ்ட் எடுத்து, அதைக் குறைக்க சப்ளிமென்ட் தரலாம் என்கிறார். எடுக்கலாமா?

பதில்: வேண்டாம்.

நீங்கள் படித்த எலி உண்மைதான். 1998-இல் ஷெக்ட்மன் என்ற ஆய்வாளரின் குழு வெளியிட்ட ஆய்வு அது. டோபமைன் என்பது மூளைச் செல்கள் ஒன்றுக்கொன்று சேதி அனுப்பும் ஒரு வேதிப்பொருள். குயின்பிரோல் என்ற மருந்து, டோபமைன் உட்கார வேண்டிய டி2, டி3 ஏற்பிகளில் தானே போய் உட்கார்ந்துகொள்ளும். வாரத்துக்கு இரண்டு ஊசி என்று சில வாரம் போட்டபின் எலியைத் திறந்த மேடையில் விட்டால், ஒன்றிரண்டு இடங்களைப் பிடித்துக்கொள்கிறது. நாலு அடி நகரும், உடனே அங்கேயே திரும்பும். உங்கள் தம்பியின் கதவு மாதிரியேதான். ஆனால் "பூட்டாமல் விட்டேனோ" என்ற பயம் எலிக்கு உண்டா என்று யார் கேட்க முடியும்?

2007-இல் வந்த இன்னோர் ஆய்வில், சாப்ஆப்3 என்ற மரபணுவை நீக்கிய சுண்டெலியோ முகம் புண்ணாகும்வரை தன்னைத் தேய்த்துக்கொண்டது. அங்கே முதல் கோளாறு, குளுட்டமேட் என்ற வேறொரு மூளை வேதிப்பொருள் வேலை செய்யும் இணைப்புகளில். ஆக, டோபமைன் ஒரு கண்ணி, முழுச் சங்கிலி அல்ல.

அந்த டெஸ்ட் சுத்த ஏமாற்று. டோபமைன் ரத்தத்துக்கும் மூளைக்கும் நடுவே உள்ள தடுப்பைத் தாண்டாது. சிறுநீரில் அளந்தால் மூளையின் கணக்கு எப்படித் தெரியும்? டெஸ்ட் எடுப்பவரே டப்பாவும் விற்கிறார் என்றால் எழுந்து வந்துவிடுங்கள்.

ஓசிடிக்கு முதல் சிகிச்சை, மனச்சோர்வுக்கும் கொடுக்கும் எஸ்எஸ்ஆர்ஐ வகை மாத்திரையும், பயத்தை எதிர்கொண்டு, கதவைத் திரும்பிப் பார்ப்பது போன்ற சடங்கைச் செய்யாமல் இருக்கப் பழக்கும் பயிற்சியும். மாத்திரை வேலை செய்கிறதா என்று தெரிய 8 முதல் 12 வாரம் ஆகும். ஆனால் சில டாக்டர்கள் நாலு நிமிடத்தில் சீட்டெழுதி, மூன்றாம் வாரமே மருந்தை மாற்றுகிறார்கள். பயிற்சி என்ற ஒன்று இருப்பதையே பலர் சொல்வதில்லை. எத்தனை முறை சொன்னாலும் இதே கதைதான்.

டோபமைன் பேச்சு நிஜமாகவே பயன்படும் இடம் ஒன்று உண்டு: டிக். தன்னையறியாமல் கண் சிமிட்டுவது, தோளைக் குலுக்குவது, தொண்டையைச் செருமுவது. மாத்திரையைப் போதிய அளவில், போதிய வாரம் சாப்பிட்டும் பலனில்லை என்றால், ரிஸ்பெரிடோன் போல டி2 ஏற்பியை அடைக்கும் மருந்தைக் குறைந்த அளவில் சேர்ப்பார்கள். கவனியுங்கள், சேர்ப்பார்கள், பழையதை நிறுத்திவிட்டு அல்ல. எல்லோருக்கும் கேட்காது, மூன்றில் ஒருவருக்குக் கேட்கலாம். டிக் இருப்பவர்களுக்கு வாய்ப்பு கூடுதல். எடை கூடும், உடல் விறைக்கலாம். அதனால் டாக்டர் கண்காணிப்பில் மட்டும்தான்.

தம்பிக்குச் சின்ன வயதில் டிக் ஏதாவது இருந்ததா என்று அம்மாவிடம் கேளுங்கள். இருந்திருந்தால் டாக்டரிடம் நீங்களாகவே சொல்லுங்கள். அவர் கேட்பார் என்று காத்திருக்காதீர்கள்.