இருண்ட கண்டம் – கடிதமும் பதிலும்

அன்புள்ள ஐயா,

பல வருடங்களாக அட்லாண்டாவில் இருக்கிறேன். மகள் கல்லூரியில் படிக்கிறாள். இந்தப் பருவத்தில் ‘ஆஃப்ரோசென்ட்ரிக்’ வரலாறு என்று ஒரு பாடம் எடுத்திருக்கிறாள். சாப்பாட்டு மேசையில் அதைப் பற்றிப் பேச ஆரம்பித்து வாக்குவாதம் ஆகிவிட்டது. இணையத்தில் தேடினால் கிளியோபாட்ரா கறுப்பினப் பெண், அரிஸ்டாட்டில் எகிப்திலிருந்து திருடினார் என்றெல்லாம் வருகிறது. இன்னொரு பக்கம் இதே சொல்லைப் போட்டு சட்டையும் கம்மலும் விற்கிறார்கள். உண்மையில் இதற்கு என்னதான் பொருள்? இருண்ட கண்டம் என்று நாம் படித்த ஆப்பிரிக்காவில் பெருமைப்பட என்ன இருந்தது என்று கேட்டேன். அவள் தட்டை அப்படியே வைத்துவிட்டு எழுந்து போய்விட்டாள். நம் ஊரில் உலக மொழியெல்லாம் தமிழிலிருந்து வந்தது என்பார்களே, அதே வியாதிதானே இதுவும்? அந்தப் பாடத்தை விட்டுவிடச் சொல்லலாமா?

கே., அட்லாண்டா

அன்புள்ள கே.,

உங்கள் மகள் எழுந்து போனது சரிதான். நானாக இருந்தால் சாப்பிட்டு முடித்துவிட்டுப் போயிருப்பேன், அவ்வளவுதான் வித்தியாசம்.

இந்த மாதிரிக் கடிதங்களுக்குத் தனியாக இரண்டு வரி எழுதி முடித்துவிடுவது என் வழக்கம். ‘இருண்ட கண்டம்’ என்று நீங்கள் போகிறபோக்கில் எழுதியதைப் பார்த்ததும் அப்படி விட முடியவில்லை. சமீபத்தில் போட்டித் தேர்வுக்குப் படிக்கும் உறவுக்காரப் பையன் ஒருவனின் பொது அறிவுப் புத்தகத்தைப் புரட்டிக்கொண்டிருந்தேன். சாணித்தாள், நெருக்கி அடித்த எழுத்து. உதயசூரியன் நாடு எது? ஜப்பான். வெள்ளை யானைகளின் நாடு எது? தாய்லாந்து. இருண்ட கண்டம் எது? ஆப்பிரிக்கா. மூன்றுக்கும் பச்சை மையில் டிக் அடித்திருந்தான். ஏன்டா இருண்டது என்று கேட்டேன். “அங்க கரன்ட் இருக்காது மாமா” என்றான். முதலில் சிரிப்பு வந்தது, அப்புறம் கோபம். அதில் கொஞ்சம் இன்னும் மிச்சம் இருக்கிறது, இப்போது உங்கள் தலையில் விடிகிறது. பொறுத்துக்கொள்ளுங்கள்.

அந்தப் பெயரை ஊரெல்லாம் பரப்பியவர், ஆப்பிரிக்காவுக்குள் போய்த் தகவல் இல்லாமல்போன பயணி லிவிங்ஸ்டனைத் தேடிப் போன பத்திரிகையாளர் ஸ்டான்லி. 1878இல் வந்த அவருடைய பயண நூலின் தலைப்பிலேயே அது இருக்கிறது. காட்டுக்குள் அவருக்கு வழி தெரியவில்லை, பழி கண்டத்தின் மேல் விழுந்தது. அடுத்து அவர், காங்கோவைக் கொடூரமாகச் சுரண்டிய பெல்ஜிய மன்னர் லியோபோல்டுக்காக அங்கே வேலை பார்த்ததைப் பொது அறிவுப் புத்தகங்கள் கேட்பதில்லை. 1963இல்கூட ஆக்ஸ்ஃபோர்டு வரலாற்றுப் பேராசிரியர் ட்ரெவர்-ரோப்பர், ஆப்பிரிக்காவில் ஐரோப்பியரின் வரலாறு மட்டும்தான் உண்டு, மற்றதெல்லாம் இருட்டு என்கிற பொருளில் பேசினார்.

அதே 1963இல்தான் கானாவின் தலைநகர் அக்ராவில் டு பாய்ஸ் இறந்தார். இந்தப் பெயர் உங்களுக்குத் தெரிந்திருக்க வேண்டும் கே. உங்கள் அட்லாண்டாவில் பல வருடங்கள் பேராசிரியராக இருந்த கறுப்பின அறிஞர். தொண்ணூறு வயதைத் தாண்டிய பிறகு, கானாவின் அதிபர் நக்ருமா அழைத்தார் என்று 1961இல் கானாவுக்குக் குடிபெயர்ந்தார். ஆப்பிரிக்காவுக்கென்று ஒரு கலைக்களஞ்சியம் தயாரிப்பதுதான் அவர் கையில் எடுத்த கடைசி வேலை. அது வெட்கப்படாமல் ‘ஆஃப்ரோ-சென்ட்ரிக்’காக, அதாவது ஆப்பிரிக்காவை நடுவில் வைத்ததாக இருக்கும், அதற்காக வெளியுலகின் தாக்கத்தைக் கண்டுகொள்ளாமலும் விடாது என்று திட்டக் குறிப்பில் எழுதினார். நீங்கள் கேட்ட சொல்லின் ஆரம்பகாலத் தடங்களில் இது ஒன்று. பெருமை பேசும் தொனி அதில் எங்கே இருக்கிறது, சொல்லுங்கள்?

1980இல் அமெரிக்கக் கறுப்பினப் பேராசிரியர் மொலேஃபி கெட்டே அசான்டே அந்தச் சொல்லைக் கோட்பாடாக வளர்த்துப் புத்தகம் எழுதினார். அவர் பணியாற்றிய பிலடெல்பியாவின் டெம்பிள் பல்கலைக்கழகத்தில் பிறகு முனைவர் பட்டப் படிப்பே வந்தது. ஆப்பிரிக்கரைப் பற்றிப் பேசும்போது, பிறர் கையால் ஏதேதோ செய்யப்பட்டவராகவே அவரைக் காட்டாதே, தானே செய்தவராகவும் காட்டு என்பது அவர் வாதத்தின் சாரம். ஆனால் எனக்கு அதைவிட நன்றாகப் புரியவைத்தது நைரோபியில் நடந்த ஒன்று. 1968இல் கென்ய எழுத்தாளர் கூகி வா தியாங்கோவும் உடன் பணியாற்றிய இரண்டு பேரும் பல்கலைக்கழகக் கல்லூரியின் ஆங்கிலத் துறையை எடுத்துவிடுங்கள் என்று ஒரு குறிப்பு எழுதிக் கொடுத்தார்கள். ஷேக்ஸ்பியரைத் தடை செய்யச் சொல்லவில்லை. நடுவில் ஆப்பிரிக்க இலக்கியமும் வாய்மொழிக் கதைகளும் இருக்கட்டும், மற்றவற்றை அங்கிருந்து பார்ப்போம் என்றார்கள். வாடகை வசூலிக்க வந்தவர் எழுதிவைத்த கணக்கு நோட்டை மட்டும் வைத்து உங்கள் வீட்டுக் கதையை எழுதினால் எப்படி இருக்கும்? அதை நிறுத்தச் சொன்னார்கள். சொல்லின் பொருள் இவ்வளவுதான், உங்கள் முதல் கேள்வி முடிந்தது.

சட்டை, கம்மல் விஷயத்தை நான் பெரிதுபடுத்த மாட்டேன், கடைக்காரன் எந்தச் சொல்லையும் விற்பான். ‘ஆப்பிரிக்கத் துணி’ என்று போகும் அந்தப் பளிச்சென்ற மெழுகு அச்சுத் துணியே ஜாவாவின் பாடிக் துணியைப் பார்த்து டச்சுக்காரர்கள் ஆலையில் அடிக்க ஆரம்பித்ததுதான். அரிஸ்டாட்டில் எகிப்தின் அலெக்சாண்ட்ரியா நூலகத்திலிருந்து திருடினார் என்ற கதை ஜார்ஜ் ஜேம்ஸ் என்பவர் 1954இல் எழுதிய நூலிலிருந்து கிளம்பியது. அரிஸ்டாட்டில் இறந்தது கி.மு. 322இல். அலெக்சாண்ட்ரியா நூலகம் வந்ததே அதற்குப் பிறகு. இல்லாத நூலகத்திலிருந்து எதைத் திருடுவது? கிரேக்க, ரோமானிய இலக்கிய அறிஞர் மேரி லெஃப்கோவிட்ஸ் இதையெல்லாம் 1996இலேயே போட்டு உடைத்துவிட்டார். கிளியோபாட்ரா, கிரேக்கப் பக்கத்திலிருந்து வந்து எகிப்தை ஆண்ட மாசிடோனிய அரச வம்சம். தமிழ் வியாதியைப் பற்றித் தனியாக எழுதுகிறேன், இப்போது வேண்டாம்.

ஆனால் எகிப்தின் பழைய அரசர்களான பார்வோன்களின் மேல் இந்த மோகம் ஏன் வந்தது? ஜெர்மானியத் தத்துவவாதி ஹெகல் எகிப்தை ஆப்பிரிக்காவிலிருந்து வெட்டி எடுத்துத் தனியாக வைத்துவிட்டு, மிச்சத்துக்கு வரலாறே இல்லை என்றார். பதில் சொல்லக் கிளம்பியவர்களில் பலர் எகிப்தை மீட்டுக்கொண்டு வருவதிலேயே நின்றுவிட்டார்கள். பழைய எகிப்தியர் கறுப்பினத்தவர் என்று வாதிட்ட செனகல் அறிஞர் செய்க் அன்டா தியோப்மீது எனக்கு மரியாதை உண்டு. 1974இல் கெய்ரோவில் யுனெஸ்கோ கூட்டிய கருத்தரங்குக்கு அவரும் அவர் பக்கம் நின்ற அறிஞர் ஒபெங்காவும் எதிர்த்தரப்பைவிட நன்றாகத் தயாரித்துக்கொண்டு வந்திருந்தார்கள். அவர் பெயரைச் சொல்லிக்கொண்டு பின்னால் வந்த கூட்டம்தான் என் பிரச்சினை. பிரமிடு, ராஜா, பேரரசு இருந்தால்தான் மனிதன் என்ற அளவுகோல் யாருடையது? ஐரோப்பாவின் அளவுகோலை வாங்கி ஐரோப்பாவையே அளந்து காட்டுவதற்கு எதற்கு இந்தப் பெயர்?

எகிப்தை விடுங்கள். தெற்கே வாருங்கள், ஜிம்பாப்வே நாட்டில் மஸ்விங்கோ பக்கம். கிரேட் ஜிம்பாப்வே என்ற பழைய கல் நகரம். 11 முதல் 15ஆம் நூற்றாண்டு வரை ஷோனா மக்களின் முன்னோர் எழுப்பியது. வட்டமான பெரிய மதில் வளாகத்தின் வெளிச்சுவர் சுமார் 250 மீட்டர் சுற்றளவு, சில இடங்களில் 11 மீட்டர் உயரம். காரை கிடையாது. அங்கே கருங்கல் பாறைகள் தானாகவே தகடு தகடாக உரியும். அதைச் செங்கல் அளவுக்கு உடைத்து வரிசை வரிசையாக அடுக்கியிருக்கிறார்கள்.

1871இல் ஜெர்மானியரான கார்ல் மௌக் அங்கே போனார். வாசல் உத்தரத்திலிருந்து ஒரு சில்லு மரத்தைச் செதுக்கி எடுத்தார். தன் சட்டைப்பையில் இருந்த பென்சிலோடு ஒப்பிட்டுப் பார்த்தார். நிறமும் வாசனையும் ஒத்துப்போயின. பென்சில் கேதுரு (சீடார்) மரத்தில் செய்தது, ஆகவே இதுவும் கேதுரு. கேதுரு என்றால் லீபனோன், அதாவது லெபனான். லீபனோன் என்றால் பழைய கடலோடிகளான பீனிசியர்கள், பைபிளில் வரும் சாலொமோன், சேபா ராணி. ஆகவே இது சேபா ராணியின் அரண்மனை! அந்த மரம் பக்கத்துக் காட்டிலேயே வளரும் வாசனை மரம். சுற்றி அங்கே குடியிருந்த மக்களிடம் ஒரு வார்த்தை கேட்டிருந்தால் சொல்லியிருப்பார்கள். அவர் பென்சிலிடம் கேட்டார்.

சிரித்துவிட்டுப் போகலாம் என்றால் கதை அங்கே நிற்கவில்லை. பிரிட்டிஷ் ஏகாதிபத்தியவாதி செசில் ரோட்ஸின் கம்பெனி அந்த நிலத்தைப் பிடித்தது. வெள்ளையர் எப்போதோ ஆண்ட நிலம் என்றால் பிடித்தவர்களுக்கு வசதிதானே? 1902இல் காப்பாளராக வந்த ரிச்சர்ட் ஹால், கறுப்பர்கள் பின்னால் வந்து சேர்த்த குப்பை என்று மேலடுக்கு மண்ணையெல்லாம் வாரி வெளியே கொட்டினார். கட்டியவர்களின் அடுப்பும் பானையும் அந்தக் குப்பையில்தான் இருந்தன. 1905இல் தொல்லியலாளர் ராண்டல்-மக்கைவர் வந்து இது ஆப்பிரிக்கர் கட்டியது என்றார், வெள்ளைக் குடியேறிகள் ஏற்கவில்லை. 1929இல் தொல்லியலாளர் கெர்ட்ரூட் கேட்டன்-தாம்சன் வந்தார். பெண்கள் மட்டுமே அடங்கிய குழு. யாரும் கை வைக்காத மண் தரைக்குக் கீழே தோண்டினார். உள்ளூர்ப் பானை ஓடுகளும் கடல் வணிகத்தில் வந்த கண்ணாடி மணிகளும் கிடைத்தன. அந்த மணிகளில் நம் நாட்டிலிருந்து போனவையும் உண்டு. முழுக்க ஆப்பிரிக்கர் வேலை என்று எழுதினார். அதற்குப் பிறகும், ரோட்ஸின் பெயரால் ரொடீசியா என்று அழைக்கப்பட்ட அந்நாட்டின் வெள்ளையர் அரசு விடவில்லை. இதையே சொன்ன தொல்லியலாளர் பீட்டர் கார்லேக் 1970இல் நாட்டைவிட்டே போக வேண்டியிருந்தது. 1980இல் விடுதலை வந்தபோது மக்கள் நாட்டுக்கே அந்த இடத்தின் பெயரை வைத்தார்கள். அங்கே கிடைத்த, மாக்கல்லில் செதுக்கிய பறவை இன்று கொடியில் இருக்கிறது.

கேட்டன்-தாம்சன் வெள்ளைக்கார ஆங்கிலேயப் பெண்மணி. ஆனாலும் அந்தத் தரையில் வாழ்ந்தவர்களின் பானை ஓட்டிடம் முதலில் கேட்டார். என் கணக்கில் அதுதான் ஆஃப்ரோசென்ட்ரிக். தோலின் நிறத்துக்கு இதில் வேலை இல்லை. நீங்கள் அன்றைக்குச் சாப்பாட்டு மேசையில் சட்டைப்பையிலிருந்து பென்சிலை எடுத்தீர்கள், அதுதான் உங்கள்மேல் எனக்குக் கோபம்.

சரி, போதும். பெண் இந்த வயதில் அப்பாவிடம் இவ்வளவு பேசுகிறாளே, அதுவே பெரிய விஷயம். என் நண்பர்கள் பலருடைய பிள்ளைகள் காதில் கருவியை மாட்டிக்கொண்டு சாப்பிட்டு எழுந்துவிடுகிறார்கள். பாடத்தை விடச் சொல்லாதீர்கள். அவளுடைய பாடத்திட்டத்தை வாங்கிப் பாருங்கள். அதில் கிரேட் ஜிம்பாப்வே இருக்கிறதா, பார்வோன்கள் மட்டும்தானா என்று எனக்கு எழுதுங்கள். பார்வோன்கள் மட்டும்தான் என்றால் அந்தப் பேராசிரியரோடும் எனக்கு ஒரு சண்டை பாக்கி.