செக்கு எண்ணெய் என்றால் கணக்கு கிடையாதா?

கேள்வி: எனக்கு வயது 52, ஊர் அம்பாசமுத்திரம். கெட்ட கொழுப்பு (எல்டிஎல்) 168 என்று ரிப்போர்ட் வந்திருக்கிறது. ரீஃபைண்டு எண்ணெயை விட்டு 2 வருடம் ஆகிறது. தாளிக்க, பொரிக்க எல்லாமே செக்குத் தேங்காய் எண்ணெய்தான். இட்லிப் பொடிக்கு நல்லெண்ணெய். 4 பேருக்கு மாதம் 5 லிட்டர் ஆகிறது. அப்புறமும் ஏன் கூடுகிறது டாக்டர்?

பதில்: வாரத்துக்கு ஒருவராவது இதைக் கேட்டுவிடுகிறார்கள். செக்கில் ஆட்டினால் மணம் நிற்கும், வைட்டமின் ஈ போன்ற சில சத்துகள் கூடுதலாகத் தங்கும். கொழுப்பின் வகை மட்டும் மாறாது. தேங்காய் எண்ணெயில் 100க்கு சுமார் 90 பங்கு நிறைவுற்ற கொழுப்பு. வாகை மரச் செக்கில் ஆட்டினாலும் அதே 90தான். எல்டிஎல்லை ஏற்றுவது இந்தக் கொழுப்பு. நல்லெண்ணெயில் இது 15 பங்கு அளவே இருக்கிறது, கடலை எண்ணெயில் 20க்குள். ஆகவே தினசரி தாளிப்புக்கு இவை இரண்டையும் மாற்றி மாற்றி வையுங்கள். தேங்காய் எண்ணெய் அவியலுக்குக் கடைசியில் ஒரு கரண்டி, போதும்.

அளவுக்கு வருவோம். உங்கள் கணக்குப்படி ஆளுக்கு ஒரு நாளைக்கு 40 மில்லிக்கு மேல். 3 லிட்டருக்குள் கொண்டுவரப் பாருங்கள். பாட்டிலைச் சாய்த்து ஊற்றாமல் கரண்டியால் அளந்தாலே பாதி வேலை முடிந்தது. நம் சமையலில் எண்ணெய்க் கணக்கில் வராத கொழுப்பும் உண்டு: சொதிக்குப் பிழியும் தேங்காய்ப் பால், துவையல், குழம்புக்கு அரைக்கும் தேங்காய். ஞாயிற்றுக்கிழமை சொதி வைத்தால் அன்றைக்கு அப்பளம், வடை வேண்டாம். வடை சுட்ட எண்ணெயைத் திரும்பத் திரும்பக் காய்ச்சுவதும் வேண்டாம்; எண்ணெய் கெட்டு, வேண்டாத பொருட்கள் சேரும்.

அல்வாவை விடச் சொல்வேன் என்று பயப்படாதீர்கள், நானும் இந்த ஊர்க்காரன்தான். ஆனால் அது நெய், நெய்யில் 60 பங்கு நிறைவுற்ற கொழுப்பு. விசேஷத்துக்கு ஒரு துண்டு, சரி.

மீன் சாப்பிடுவீர்கள் என்றால் வாரம் இரண்டு முறை சாளை (மத்தி) வாங்குங்கள். விலையும் குறைவு, ஒமேகா 3 என்ற நல்ல கொழுப்பு நிறைய. குழம்பாக வையுங்கள், பொரிக்க வேண்டாம்.

3 மாதம் கழித்து மறுபடி ரத்தம் பாருங்கள், கூடவே தைராய்டும் சர்க்கரையும். ஏற்கெனவே சர்க்கரையோ ரத்த அழுத்தமோ இருந்தாலும், அப்பாவுக்கோ கூடப்பிறந்தவர்களுக்கோ சின்ன வயதில் மாரடைப்பு வந்திருந்தாலும் 3 மாதம் காத்திருக்காதீர்கள். ரிப்போர்ட்டோடு இந்த வாரமே உங்கள் டாக்டரைப் பாருங்கள், மாத்திரை தேவைப்படலாம்.