டிரைவர் கேள்வி-பதில்: ஏற்றியது சரி, இறக்கிப் பார்த்தீர்களா?

இந்த முறை வந்த கடிதங்களில் ஏறக்குறைய பாதியில் ஒரே வரிதான்: "லினக்ஸில் டிரைவர் வேலை செய்யவில்லை, என்ன செய்வது?" வன்பொருளை இயக்கும் நிரல்தான் டிரைவர், அது ஓடும் இடம் லினக்ஸின் மையமான கெர்னல். அந்தக் கெர்னல் எந்தப் பதிப்பு, எந்தக் கருவி, கெர்னல் பதிவில் என்ன வந்தது, எதுவும் கிடையாது. வைத்தியரிடம் போய் "உடம்பு சரியில்லை" என்று சொல்லிவிட்டு நாடி பார்க்கக் கையை நீட்டாமல் உட்கார்ந்திருப்பது போல இருக்கிறது. அவற்றை ஒதுக்கிவிட்டேன். மற்றவர்களில் சிலர் பெயர் வேண்டாம் என்று கேட்டதால், எல்லோருக்கும் ஊர் மட்டும் போட்டிருக்கிறேன்.

திருச்சி: நானே தொகுத்த மாட்யூலை (கெர்னலில் ஏற்றும் டிரைவர் கோப்பு) இன்ஸ்மாட் கட்டளையால் ஏற்றினால் 'தவறான மாட்யூல் வடிவம்' என்கிறது. நேற்று வரை ஓடியது.

நேற்றைக்கும் இன்றைக்கும் நடுவில் உங்கள் கணினி புதிய கெர்னலுக்கு மாறியிருக்கும். மாட்இன்ஃபோ கட்டளை காட்டும் வெர்மேஜிக் வரியையும் (மாட்யூல் எந்தக் கெர்னலுக்குத் தொகுக்கப்பட்டது என்ற குறிப்பு), ஓடுகிற கெர்னலுக்கு யூநேம் கட்டளை தரும் பதிப்பு எண்ணையும் அருகருகே வைத்துப் பாருங்கள். ஓடுகிற கெர்னலுக்கு உரிய ஹெட்டர் கோப்புகளை நிறுவி மறுபடி தொகுத்தால் சரியாகிவிடும். கட்டாயப்படுத்தி ஏற்றும் வசதி உண்டு என்று நண்பர் சொன்னதாக எழுதியிருக்கிறீர்கள். உண்டு. அதைச் சொல்லிக்கொடுக்கும் நண்பரை மாற்றுங்கள்.

கோவை: இறுதியாண்டு மாணவன். ராஸ்பெர்ரி பை என்ற சிறு கணினிப் பலகையில் ஒரு ஐ2சி (சில்லுகள் இரண்டு கம்பிகளில் பேசும் முறை) கடிகாரச் சில்லைப் பொருத்தினேன். தரவுத்தாளில் (சில்லைப் பற்றித் தயாரிப்பாளர் தரும் ஆவணம்) முகவரி ஹெக்ஸ் (பதினாறை அடிப்படையாகக் கொண்ட எண்முறை) டி0 என்று இருக்கிறது. அந்த முகவரியில் பதிலே இல்லை. 68-ல் மட்டும் ஏதோ தெரிகிறது. சில்லு பழுதா?

பழுதில்லை தம்பி. ஐ2சி முகவரி 7 பிட். சில தரவுத்தாள்கள் படிக்கவா எழுதவா என்று சொல்லும் கடைசி பிட்டையும் சேர்த்து 8 பிட்டாக எழுதுவார்கள். டி0-வை ஒரு பிட் வலப்பக்கம் நகர்த்தினால் 68. லினக்ஸ் கேட்பது அந்த 68-ஐத்தான். இணைந்த சில்லுகளைத் தேடும் ஐ2சி-டிடெக்ட் கட்டளையின் அட்டவணையில் எண்ணுக்குப் பதிலாக யூ யூ என்று வந்தால் வேறொரு டிரைவர் ஏற்கெனவே அந்த இடத்தைப் பிடித்திருக்கிறது என்று பொருள். இன்னொன்று: நீங்கள் அனுப்பிய படத்தில் உங்கள் சிவப்பு வயர் 5 வோல்ட்டுக்குப் போவது தெரிகிறது. பையின் ஜிபிஐஓ முனைகள் (வெளிக் கருவிகளை இணைக்கும் ஊசிகள்) 3.3 வோல்ட் மட்டுமே தாங்கும். சில்லு தப்பியது, அடுத்து பலகை போய்விடப் போகிறது.

சென்னை: இன்டரப்ட் ஹேண்ட்லருக்குள் (கருவி 'என்னைக் கவனி' என்று குறுக்கிட்டதும் ஓடும் செயற்கூறு) சென்சாரைப் படிக்கிறேன். பதிவில் 'ஷெட்யூலிங் வைல் அட்டாமிக்' என்று வந்து கணினி உறைந்துவிடுகிறது. ஸ்பின்லாக் (கிடைக்கும் வரை சுற்றிக்கொண்டே காத்திருக்கும் பூட்டு) போட்டும் சரியாகவில்லை.

சரியாகாது. ஸ்பின்லாக் எரிகிற இடத்தில் எண்ணெய். இன்டரப்ட் ஹேண்ட்லருக்குள்ளும் தூங்கக் கூடாது, ஸ்பின்லாக்கைப் பிடித்துக்கொண்டும் தூங்கக் கூடாது. தூங்குவது என்றால் செயலியை மற்ற வேலைக்கு விட்டுவிட்டுக் காத்திருப்பது. ஐ2சி பரிமாற்றம் தூங்கும். இன்னொரு வகைப் பூட்டான மியூடெக்ஸ் தூங்கும். 'தேவையானால் காத்திருக்கிறேன்' என்று சொல்லும் ஜிஎஃப்பி-கெர்னல் கொடியோடு நினைவகம் கேட்டால் அதுவும் தூங்கலாம். இந்த 'லாம்'தான் ஆளைக் கொல்கிறது. நினைவகம் தாராளமாக இருக்கும் உங்கள் மேசைக் கணினியில் தூங்காது, எல்லாம் நன்றாக ஓடும். வாடிக்கையாளர் இடத்தில் நினைவகம் நெருக்கடியான ஒரு நாளில் கவிழ்ந்துவிடும்.

வழி எளிது. ஹேண்ட்லரைத் தனி இழையில் ஓட விடுங்கள், அதற்கென்றே த்ரெடெட் இன்டரப்ட் இருக்கிறது. சோதனைக் கெர்னலில் 'டிபக் அட்டாமிக் ஸ்லீப்' விருப்பத்தைப் போட்டுத் தொகுத்தால், உண்மையில் தூங்காவிட்டாலும் தூங்க வாய்ப்புள்ள இடத்திலேயே கத்தும்.

மதுரை: யூஎஸ்பி கருவி ஒன்றுக்கு டிரைவர் எழுதி, முழுமையாகச் சோதித்துவிட்டேன். ஏற்றினேன், அளவு சரியாக வந்தது. அடுத்து என்ன செய்யலாம்?

அடுத்து, சோதனையைத் தொடங்கலாம்.

நீங்கள் பார்த்தது ஒரு வழியை மட்டும்: கருவி இருக்கிறது, நினைவகம் கிடைத்தது, யாரும் கேபிளைத் தொடவில்லை. டிரைவர்களில் பிழை குடியிருப்பது மற்ற வழிகளில். முதலில் ஏற்றி இறக்குவதை ஒரு சிறு ஸ்கிரிப்டில் போட்டு 500 முறை ஓட்டுங்கள். பிறகு ஒரு நிரல் கருவியைத் திறந்து படித்துக்கொண்டிருக்கும்போதே கேபிளைப் பிடுங்குங்கள். கணினியை உறங்க வைத்து எழுப்புங்கள், ஆர்டிசிவேக் கட்டளை அதைத் தானாகச் செய்யும். கடைசியாகக் கெர்னலின் ஃபெயில்ஸ்லாப் வசதி மூலம் நினைவகக் கோரிக்கைகளை வேண்டுமென்றே தோற்கடித்து, கருவி கிடைத்ததும் ஓடும் உங்கள் ப்ரோப் செயற்கூறு பாதியில் நின்றால் பிடித்ததை எல்லாம் விடுகிறதா என்று பாருங்கள்.

இவை அனைத்தும் கேசன் (நினைவகத்தைத் தவறாகத் தொடுவதைப் பிடிக்கும்), லாக்டெப் (பூட்டுப் பிழைகளைப் பிடிக்கும்), கேமெம்லீக் (விடுவிக்க மறந்த நினைவகத்தைப் பிடிக்கும்) மூன்றும் இயக்கப்பட்ட கெர்னலில். கேசன் 2015-லேயே, 4.0 பதிப்பில் வந்துவிட்டது. வேகம் பாதியாகும், சில நேரம் அதற்கும் கீழே போகும். சோதனைக்கு அது பொருட்டில்லை.

டெவ்-எம் வகைச் செயற்கூறுகளைப் பயன்படுத்துவதால் எல்லாம் தானாக விடுபடும் என்று பெருமையாக எழுதியிருக்கிறீர்கள். விடுபடும், அதுதான் தொல்லை. கருவி பிரிந்ததும் நினைவகம் விடுபட்டுவிடும். ஆனால் பயனர் திறந்து வைத்த கோப்பு இன்னும் மூடப்படவில்லை. அடுத்த முறை அவர் படிக்க வரும்போது தொடுவது விடுபட்ட நினைவகத்தை. கேபிளைப் பிடுங்கும் சோதனையை அதற்காகத்தான் சொன்னேன்.

வழக்கமான எச்சரிக்கை: அன்றாடம் பயன்படுத்தும் மடிக்கணினியில் இதைச் செய்யாதீர்கள். தனி இயந்திரம் அல்லது மெய்நிகர் இயந்திரம்.

சேலம்: கையில் எந்த வன்பொருளும் இல்லை. வாங்கவும் வசதியில்லை. டிரைவர் எழுதக் கற்க முடியுமா?

தாராளமாக. கியூஎமு என்ற மெய்நிகர் இயந்திர மென்பொருளில் 'எடு' என்று ஒரு பொய்க் கருவி இருக்கிறது, கற்பிக்கவே செய்தது. பிசிஐ (கணினிக்குள் கார்டுகளைப் பொருத்தும் இணைப்பு) கருவியாகத் தெரியும், எண் கொடுத்தால் ஃபேக்டோரியல் கணக்கிடும், இன்டரப்ட் எழுப்பும், டிஎம்ஏவும் (செயலியின் உதவியின்றி நினைவகத்தைக் கருவியே படித்தெழுதுவது) செய்யும். ஒரு டிரைவரில் தெரிய வேண்டியதில் பெரும்பகுதி அதற்குள்ளேயே அடங்கிவிடும். கெர்னலுக்குள்ளும் இதே போல உண்டு: வைஃபைக்கு மேக்80211-ஹெச்டபிள்யூசிம், வீடியோவுக்கு விவிட், ஜிபிஐஓவுக்கு ஜிபிஐஓ-சிம். கருவி இருந்தும் தொட்டுப் பார்க்காதவர்கள் எழுதும் கடிதங்களுக்கு நடுவே உங்கள் கேள்வி ஆறுதலாக இருந்தது.

யாழ்ப்பாணம்: மலிவாகக் கிடைத்த வைஃபை கருவிக்கு, யாரோ இணையத்தில் போட்டிருந்த டிரைவரைத் தொகுத்துப் போட்டேன். கெர்னலைப் புதுப்பிக்கும்போதெல்லாம் உடைகிறது. லினக்ஸ் ஏன் இப்படி? டிகேஎம்எஸ் போட்டால் தீருமா?

மாதம் தவறாமல் இந்தக் கேள்வி வருகிறது. மாதம் தவறாமல் எனக்கு இரத்தக் கொதிப்பும் ஏறுகிறது.

முதலில் டிகேஎம்எஸ். புதிய கெர்னல் வந்ததும் அது உங்கள் டிரைவரைத் தானாக மறுபடி தொகுக்கும். தொகுப்பது மட்டும்தான் அதன் வேலை, திருத்துவது அல்ல. நிரல் பழசாக இருந்தால் இதுவரை உங்கள் கையால் தோற்றது, இனித் தானாகத் தோற்கும்.

லினக்ஸ் ஏன் இப்படி என்றால், சொல்லிவிட்டுத்தான் இப்படி. பயனர் நிரல்களுக்குத் திறந்திருக்கும் வாசலான சிஸ்டம் கால்களைக் கெர்னல்காரர்கள் உடைப்பதில்லை. அதில் பிடிவாதமாக இருப்பார்கள். வீட்டுக்கு உள்ளே அறைக்கு அறை இருக்கும் கதவுகளுக்கு அந்த உறுதி கிடையாது. தேவைப்பட்டால் இடிப்பார்கள், இடம் மாற்றுவார்கள். அது ஏன் என்று கெர்னல் பராமரிப்பாளர் கிரெக் குரோவா-ஹார்ட்மன் எழுதிய விளக்கம் கெர்னல் ஆவணங்களோடேயே வருகிறது. நேரம் கேட்கப் பயன்பட்ட டூ-கெட்டைம்ஆஃப்டே என்ற செயற்கூறு 5.0 பதிப்பில் போய்விட்டது. அதே 5.0-ல், பயனர் தந்த முகவரியைச் சரிபார்க்கும் ஆக்சஸ்-ஓகேவுக்கு மூன்று உள்ளீடுகள் இரண்டாயின. 5.6-ல், கெர்னல் தகவல்களைக் காட்டும் ப்ராக் கோப்புகளுக்குத் தனிக் கட்டமைப்பு வந்தது. 6.4-ல், கருவி வகையை உருவாக்கும் கிளாஸ்-கிரியேட் ஓர் உள்ளீட்டை இழந்தது. இப்படி மாற்றும்போது, மரத்துக்கு (கெர்னலின் மூல நிரல் தொகுப்பு) உள்ளே இருக்கும் டிரைவர்களை எல்லாம் மாற்றியவரே அதே கையோடு திருத்திவிடுவார். உங்களுடையது மரத்துக்கு வெளியே கிடக்கிறது. அப்படி ஒன்று இருப்பதே அவருக்குத் தெரியாது.

நான் பட்டதைச் சொல்கிறேன். சில ஆண்டுகளுக்கு முன் ஒரு தொழிற்கூடத்துக்காக எட்டு வாசல் சீரியல் கார்டு வாங்கினோம். பெட்டியின் மேல் லினக்ஸின் பென்குயின் படம் அழகாக இருந்தது. உள்ளே ஒரு குறுந்தகடு, அதில் ஒரு ஜிப் கோப்பு, அதில் 2.6.18 கெர்னலுக்கான டிரைவர். எங்களிடம் ஓடியது 4 வரிசைக் கெர்னல். தயாரிப்பாளருக்கு எழுதினேன். 'பரிந்துரைத்த பதிப்பைப் பயன்படுத்தவும்' என்று ஒற்றை வரியில் பதில். ஒரு கார்டுக்காக, பாதுகாப்புத் திருத்தம் எப்போதோ நின்றுபோன கெர்னலுக்குத் தொழிற்கூடமே திரும்பிப் போக வேண்டுமாம். மூன்று வார இறுதிகளைத் தொலைத்த பிறகுதான் பிடிபட்டது: சில்லு வழக்கமான 16550 வகை. கெர்னலில் ஏற்கெனவே இருக்கும் 8250 என்ற சீரியல் டிரைவரில் அதன் பிசிஐ அடையாள எண்ணைச் சேர்த்தால் போதும். நான்கைந்து வரி. அந்த நான்கைந்து வரியை அவர்களே கெர்னலுக்கு அனுப்பியிருந்தால் குறுந்தகடும் வேண்டாம், எனக்கு இரத்தக் கொதிப்பும் வேண்டாம்.

ஆகவே, வாங்குவதற்கு முன் பாருங்கள். பெட்டியில் உள்ள மாடல் பெயரை நம்பாதீர்கள். அதே பெயரில் அடுத்த பதிப்பு வேறு சில்லோடு வரும். எல்எஸ்-யூஎஸ்பி கட்டளை காட்டும் இரண்டு அடையாள எண்களைக் (தயாரிப்பாளருக்கு ஒன்று, கருவிக்கு ஒன்று) கேட்டு வாங்கி, அவை கெர்னலில் இருக்கின்றனவா என்று தேடுங்கள். இருந்தால் வாங்குங்கள். இல்லையென்றால் எவ்வளவு மலிவானாலும் விட்டுவிடுங்கள். ஏற்கெனவே வாங்கிவிட்ட உங்களுக்கு: அதே சில்லுக்குக் கெர்னலுக்குள் டிரைவர் வந்துவிட்டதா என்று ஒவ்வொரு பதிப்பிலும் பாருங்கள். பல வைஃபை சில்லுகளுக்குத் தாமதமாகவாவது வந்திருக்கிறது. வெளி மாட்யூலை ஒருமுறை ஏற்றிவிட்டால், இறக்கினாலும் கணினியை மறுபடி துவக்கும் வரை கெர்னல் தன்னைத்தானே கறைபட்டதாகக் குறித்துக்கொள்ளும். அந்த நிலையில் நீங்கள் அனுப்பும் பிழை அறிக்கையைப் பெரும்பாலும் யாரும் பார்க்க மாட்டார்கள். அதில் கோபப்பட உங்களுக்கு உரிமை இல்லை.

ஈரோடு: பதிவில் 'இன்டரப்ட் 16: நோபடி கேர்ட்' (யாரும் கவனிக்கவில்லை) என்று வருகிறது. என் டிரைவருக்குத் தொடர்பு உண்டா?

பெரும்பாலும் உண்டு. கடைசி 1,00,000 இன்டரப்ட்களில் 99,900-ஐ யாரும் தமதென்று ஏற்கவில்லை என்றால் கெர்னல் அந்தக் கம்பியையே அடைத்துவிடும். உங்கள் கருவி எழுப்பிய இன்டரப்ட்டை உங்கள் ஹேண்ட்லர் தனதில்லை என்று தள்ளுகிறது, அல்லது கருவியின் நிலைப் பதிவேட்டைத் துடைக்காததால் கம்பி இறங்கவே இல்லை. செய்தியை ஒழிப்பதற்காக எப்போதும் 'கவனித்துவிட்டேன்' என்று பதில் தரும்படி மாற்றிவிடாதீர்கள். செய்தி போய்விடும், கணினியும் கூடவே போய்விடும்.

சிங்கப்பூர்: முந்தைய கெர்னல் பதிப்பில் டச்பேட் ஓடியது, புதியதில் ஓடவில்லை. நடுவில் பத்தாயிரத்துக்கும் மேல் மாற்றங்கள். எதைத் தேடுவது?

தேடாதீர்கள், பாதி பாதியாக வெட்டுங்கள். மாற்றங்களைப் பதிந்து வைக்கும் கிட் கருவியில் அதற்கு ஒரு கட்டளை உண்டு: கிட் பைசெக்ட். பத்துப் பதினையாயிரம் மாற்றங்களுக்குப் பதினான்கு முறை தொகுத்தால் போதும். ஒரு ஞாயிற்றுக்கிழமை. குற்றவாளியான மாற்றத்தைக் கையில் வைத்துக்கொண்டு அதை எழுதியவருக்கும் பராமரிப்பாளருக்கும் எழுதினால் கவனிப்பு வேறு மாதிரி இருக்கும்.

நாகர்கோவில்: கெர்னலுக்கு ஒரு பேட்ச் (திருத்தம்) அனுப்பி மூன்று நாட்கள் ஆகின்றன. பதிலே இல்லை.

மூன்று நாட்களா! உங்கள் அஞ்சலைப் பார்த்தேன்: ஹெச்டிஎம்எல் வடிவம், டேப்கள் எல்லாம் இடைவெளிகளாக மாறியிருக்கின்றன, உங்கள் கையொப்ப வரியும் இல்லை. பதில் வராததே கருணை. வடிவப் பிழைகளைக் காட்டும் செக்பேட்ச்சை ஓட்டி, கெட்-மெயின்டெய்னர் காட்டும் முகவரிகளுக்கு, கிட் சென்ட்-ஈமெயிலில் வெறும் எழுத்தாக அனுப்புங்கள். பிறகு இரண்டு வாரம் பொறுங்கள். மெர்ஜ் விண்டோ (அடுத்த பதிப்புக்கான மாற்றங்களைச் சேர்க்கும் கட்டம்) திறந்திருக்கும் காலமென்றால் இன்னும் கொஞ்சம்.

பெயரும் ஊரும் இல்லாத ஒருவர்: கெர்னல் பேனிக் (கெர்னல் மேற்கொண்டு ஓட முடியாமல் நின்றுவிட்டது). படம் இணைத்துள்ளேன்.

படத்தில் உங்கள் கட்டைவிரல் நன்றாக விழுந்திருக்கிறது. பதிவின் கடைசி எட்டு வரிகளும் விழுந்திருக்கின்றன. காரணம் இருப்பது அதற்கு மேலே, உருண்டோடிவிட்ட முதல் வரிகளில். சீரியல் கன்சோல் இருந்தால் 1,15,200 வேகத்தில் இன்னொரு கணினியில் பிடியுங்கள். இல்லையென்றால் பதிவை வலையமைப்பு வழியே அனுப்பும் நெட்கன்சோல். அதுவும் முடியாதென்றால் பதிவைச் சேமித்து வைக்கும் பி-ஸ்டோர், மறுபடி துவங்கிய பிறகும் எடுக்கலாம். முதல் வரி தொடங்கி, எழுத்தாக அனுப்புங்கள். படம் வேண்டாம் என்று சென்ற முறையும் சொன்னேன், அதற்கு முந்தைய முறையும் சொன்னேன்.

தஞ்சாவூர்: இனி டிரைவர்களை ரஸ்ட் மொழியில்தான் எழுத வேண்டுமா?

வேண்டியதில்லை. எழுதலாம். 2022 டிசம்பரில் வந்த 6.1-லிருந்து அதற்கான அடித்தளம் உள்ளே இருக்கிறது. எந்த மொழியில் எழுதினாலும் தரவுத்தாளை நீங்கள்தான் படிக்க வேண்டும்.

வேலூர்: எம்-ஸ்லீப்புக்கு (டிரைவரைக் காத்திருக்க வைக்கும் செயற்கூறு) 1 மில்லிவினாடி கொடுத்தால் 20 மில்லிவினாடி வரை தூங்குகிறது. கெர்னலில் பிழையா?

பிழையில்லை. உங்கள் பலகையின் கெர்னல் வினாடிக்கு 100 துடிப்பில் தொகுக்கப்பட்டிருக்கும். ஒரு துடிப்பே 10 மில்லிவினாடி. 20 மில்லிவினாடிக்குக் குறைவாகக் காத்திருக்க யூ-ஸ்லீப்-ரேஞ்ச் போடுங்கள்.