மலைக்குக் கால் போட்டது யார்?

அன்புள்ள ஐயா,

ருஷ்ய இசையமைப்பாளர் ஸ்ட்ராவின்ஸ்கியின் ‘மூன்று ஜப்பானியக் கவிதைகள்’ கேட்டேன். 31 அசைக் கவிதைக்கு ஒரு சோப்ரானோ (உச்சக்குரல் பாடகி), ஒன்பது வாத்தியக்காரர்கள். மௌனமாக வாசிக்கவேண்டிய இயற்கைக் கவிதைமேல் இத்தனை பாரமா? அதுவும் மொழிபெயர்ப்பில்?

எஸ்.

அன்புள்ள எஸ்.,

ஆளை எண்ணினீர்கள், கடிகாரத்தைப் பார்த்தீர்களா? மூன்று பாட்டும் சேர்ந்தே நான்கு நிமிடம் தாண்டாது. மௌனமாக வாசிக்கவேண்டும் என்று யார் சொன்னது? தோக்கியோ அரண்மனையில் ஜனவரிதோறும் இந்த வகைக் கவிதைகளை இழுத்து இழுத்து ஓதுகிறார்கள். போகட்டும்.

மொழிபெயர்ப்பு என்றீர்களே, அதுதான் கொஞ்ச நாளாக என்னைக் குடைகிறது. 1912-13இல் ஸ்ட்ராவின்ஸ்கி கையில் இருந்தது ருஷ்ய வடிவம். ருஷ்யச் சொல்லில் ஓர் அசை ஓங்கி ஒலிக்கும். ஓங்கும் இடம் மாறினால் கோட்டை பூட்டாகிவிடும். இவரோ அந்த அழுத்தங்களைத் தாளத்தின் வலுவான இடங்களில் வைக்காமல் விட்டார். மாஸ்கோ நண்பர் குறைப்பட்டபோது, ஜப்பானிய மொழியில் இந்த அழுத்தமே இல்லையே என்றார்.

எனக்கு இது உடனே பிடிபட்டது. நமக்கும் உயிர் குறில் நெடிலில்தானே? ஜப்பானியத்தில் ‘யுகி’ பனி, ‘யூகி’ துணிச்சல். சிறுவயதில் மெட்டுக்கு வாகாக ‘மலை’யை ‘மாலை’ என்று இழுத்துப் பாடினேன். வெற்றிலை இடித்துக்கொண்டிருந்த பாட்டி நிமிரவே இல்லை. “மலைக்கு எவன்டா கால் போட்டது?” என்றாள். இன்றும் மேடையில் யாராவது குறிலை நீட்டினால் உரல் சத்தம் கேட்கிறது. ‘மெட்டுதானே முக்கியம்’ என்று நீங்களும் தலையாட்டுகிற ஆள் என்றால், தயவுசெய்து திருந்துங்கள்.

முதல் பாட்டை மறுபடி கேளுங்கள். 8ஆம் நூற்றாண்டு அகாஹிதோவின் கவிதை: உனக்குக் காட்ட நினைத்த பிளம் பூ, பனி பெய்ததில் எதுவென்றே தெரியவில்லை. குரல் ஒரே அளவான சின்னச் சுரங்களில் போகிறது. எந்த அசையும் துருத்திக்கொண்டு நிற்பதில்லை. எது பூ, எது பனி? ருஷ்யச் சொல்லை அவர் சிதைத்தது இதற்குத்தான் என்று நினைக்கிறேன். அந்தச் சிதைவை மன்னிக்கலாம். என் ‘மாலை’யை அல்ல.

அந்த முதல் பாட்டை ஸ்ட்ராவின்ஸ்கி தன் நண்பர், பிரெஞ்சு இசையமைப்பாளர் மோரிஸ் டெலாஜுக்குக் காணிக்கையாக்கினார். 1914 ஜனவரி 14, பாரிஸில் இது அரங்கேறிய அதே மேடையில் டெலாஜின் ‘நான்கு ஹிந்துக் கவிதைகள்’. இந்தியா வந்து போனவர் அவர். அவருடைய முதல் பாட்டின் பெயர் ‘மதராஸ்’; வரிகள் சம்ஸ்கிருதக் கவி பர்த்ருஹரியுடையவை, பிரெஞ்சில்! அதைப் பற்றிக் கேட்டு ஒரு கடிதம் போடுங்கள். திட்டுவதற்கு இன்னும் மிச்சம் வைத்திருக்கிறேன்.