கீழ்மாடியில் டெஸ்க்டாப், மேல்மாடியில் வெப்

அக்கா, வணக்கம்.

நேற்று இரவு புலனத்தில் நீங்கள் அனுப்பிய மூன்று குரல் பதிவுகளையும் கேட்டேன். மூன்றாவதில் உங்களைவிட உங்கள் தம்பிதான் அதிகம் பேசியிருக்கிறார். கோலாலம்பூரில் பத்து வருடமாக இருப்பவர், பார்த்ததைச் சொல்கிறார். "இனிமேல் எல்லாமே வெப்தான். கம்ப்யூட்டரில் இன்ஸ்டால் பண்ணுகிற சாஃப்ட்வேர் எல்லாம் முடிந்த கதை. பையனை அங்கே விட்டால் ஐந்து வருடத்தில் வேலை தேடி அலைவான்."

உங்கள் பையனுக்குப் பொலிடெக்னிக்கில் கடைசி செமஸ்டர் பயிற்சிக்கு இரண்டு இடம் கிடைத்திருக்கிறது. ஒன்று இங்கே பினாங்கில், பாயான் லெப்பாஸில், சிப் சோதிக்கும் இயந்திரங்கள் செய்கிற நிறுவனம். விண்டோஸில் ஓடும் புரோகிராமை சி ஷார்ப் என்கிற மொழியில் எழுத வேண்டும். இன்னொன்று கோலாலம்பூரில் ஒரு சின்ன வெப் நிறுவனம். மாமா வீட்டிலேயே தங்கிக்கொள்ளலாம். எது என்று கேட்கிறீர்கள்.

என் பதில் பாயான் லெப்பாஸ். ஆனால் மாமா சொல்வது தவறு என்பதால் இல்லை. அவர் முக்கால்வாசி சரியாகத்தான் சொல்கிறார். அந்த மிச்சக் கால்வாசிதான் நம் பையனுக்கு முக்கியம்.

மாமா எங்கே சரி என்பது உங்களுக்கே தெரியும். புக்கிட் மெர்தாஜாமில் அந்த ஹார்டுவேர் கடைக் கணக்கை எத்தனை வருடமாகப் பார்க்கிறீர்கள்? கணக்கு மென்பொருள் ஒரே ஒரு கம்ப்யூட்டரில். பின்பக்கம் டாங்கிள் என்கிற சின்னச் சாவிக் கருவியைச் செருகியிருந்தால்தான் திறக்கும். சாயங்காலம் கடை சாத்துமுன் பென்டிரைவில் பேக்கப் எடுத்து, அதைக் கைப்பையில் போட்டு வீட்டுக்குக் கொண்டுபோவீர்கள் என்று ஒருமுறை சொன்னீர்கள். முதலாளி ஈப்போவுக்குப் போயிருந்தால் உங்களுக்கு போன் போட்டு, யார் யார் எவ்வளவு பாக்கி என்று வரிவரியாக வாசிக்கச் சொல்வார். அவர் கேட்பது ஒன்றுதான்: அதே கணக்கை அவர் கைப்பேசியில் பார்க்க வேண்டும். வெப் ஜெயித்தது இந்த ஆசையால்தான். எந்தக் கருவியிலும் திறக்கும், எதையும் இன்ஸ்டால் செய்ய வேண்டாம், பழுதை ஓர் இடத்தில் சரிசெய்தால் எல்லாருக்கும் சரியாகிவிடும்.

விற்பவர்களுக்கும் இது லாபம். முன்பு பெட்டியில் ஒருமுறை விற்றார்கள், இப்போது மாத வாடகை. அடோபி 2013-இல் ஃபோட்டோஷாப்பை நிரந்தரமாக வாங்கும் வழியைப் புதிய பதிப்புகளுக்கு மூடிவிட்டு, சந்தாவுக்கு மாறியது. ஃபோட்டோஷாப் இன்றும் கம்ப்யூட்டரில் இன்ஸ்டால் செய்துதான் பெரும்பாலோர் பயன்படுத்துகிறார்கள், ஆனால் வியாபாரம் வெப்பின் வியாபாரம் ஆகிவிட்டது. நம் நாட்டில் அரசாங்கமும் ஒரு தள்ளு தள்ளியது. 2024 ஆகஸ்டில் பெரிய நிறுவனங்களுக்கு மின்விலைப்பட்டியல் கட்டாயமானது. பிறகு படிப்படியாகச் சிறியவர்களுக்கும் வந்தது. மின்விலைப்பட்டியல் ஒவ்வொன்றும் வருமான வரி வாரியத்தின் மைஇன்வோய்ஸ் கணினிக்குப் போய், அங்கே சரிபார்த்த பிறகுதான் செல்லும். உங்கள் டாங்கிள் மென்பொருளும் இன்று இணையம் இல்லாமல் தன் வேலையை முழுசாக முடிக்க முடியாது. ஆக, அலுவலக வேலை என்றால் வெப். இதில் மாமாவோடு எனக்குச் சண்டை இல்லை.

சரி, இப்போது ஒரு பழைய தப்பைச் சொல்கிறேன். என்னுடைய தப்பு.

2009 வாக்கில் ஒரு மாணவி இதே மாதிரிக் கேள்வியோடு வந்தாள். டெஸ்க்டாப் புரோகிராம், அதாவது கம்ப்யூட்டரில் இன்ஸ்டால் செய்து ஓட்டுவது, எழுதக் கற்பதா, வெப்புக்குப் போவதா என்று. நான் மார்தட்டிக்கொண்டு, "வெப்தான் எதிர்காலம், ஃபிளாஷ் படி" என்றேன். பிரௌசருக்குள் படம் ஆட வைக்கும் அடோபியின் மென்பொருள் அது. அப்போது விளம்பரம், விளையாட்டு, பள்ளிப் பாடம் எல்லாம் ஃபிளாஷில் ஆடிக்கொண்டிருந்தன. வீட்டில் கடன் வாங்கி அந்த வகுப்பில் சேர்ந்தாள். அடுத்த வருடமே, ஐபோனில் ஃபிளாஷுக்கு இடமில்லை என்று ஸ்டீவ் ஜாப்ஸ் பகிரங்கக் கடிதம் எழுதினார். 2020 டிசம்பர் 31-ஓடு அடோபியே அதை நிறுத்திவிட்டது. இந்த வேடிக்கையையும் பாருங்கள்: 1998-இல் வெளிவந்த விஷுவல் பேசிக் 6-இல் எழுதிய டெஸ்க்டாப் புரோகிராம் விண்டோஸ் 11-இலும் ஓடுகிறது. எதிர்காலம் என்று நான் கைகாட்டியது செத்தது, செத்துவிட்டது என்று நான் சொன்னது ஓடுகிறது.

அந்தப் பெண் தப்பித்துக்கொண்டாள், என் புண்ணியத்தால் இல்லை. ஃபிளாஷில் எழுதுகிற ஆக்‌ஷன்ஸ்கிரிப்டும் பிரௌசரில் எழுதுகிற ஜாவாஸ்கிரிப்டும் ஒரே பொதுத் தரத்தைப் பின்பற்றும் அக்கா தங்கைகள். அவள் படம் ஆட வைப்பதோடு நிற்காமல் உள்ளே இருந்த புரோகிராமையும் ஒழுங்காகக் கற்றிருந்ததால், ஒன்றிலிருந்து இன்னொன்றுக்குத் தாவிவிட்டாள். பெயர்ப்பலகையைப் பார்த்து வழி சொல்வதை நான் அன்றைக்கு விட்டேன்.

இனி பாயான் லெப்பாஸுக்கு வருவோம். உங்கள் வீட்டுக்காரர், அண்ணன், இருபது வருடமாக அங்கே டெக்னீஷியன். அவரையே கேளுங்கள், ஒவ்வொரு மெஷின் பக்கத்திலும் என்ன நிற்கிறது என்று. ஒரு கம்ப்யூட்டர் நிற்கும். திரையில் பச்சை, சிவப்புக் கட்டங்கள். சிப் ஒவ்வொன்றாக வந்து கேமராவுக்குக் கீழே நிற்கிறது, படம் எடுக்கப்படுகிறது, கால்கள் வளைந்திருக்கின்றனவா, மேலே எழுத்து சரியாக அச்சாகியிருக்கிறதா என்று பார்க்கிறது, நல்லதை ஒரு பக்கமும் கெட்டதை ஒரு பக்கமும் தள்ளுகிறது. கண் சிமிட்டுவதற்குள் இவ்வளவும் முடிந்து அடுத்த சிப் வந்துவிடும். இதற்கு நடுவில் சர்வரிடம் போய்க் கேட்டுவிட்டு வருகிறேன் என்று புரோகிராம் கிளம்பினால் லைன் நின்றுவிடும். மெஷின் டவுன் என்றால் சூப்பர்வைசர் எவ்வளவு வேகமாக நடந்து வருவார் என்று அண்ணனுக்குத்தான் தெரியும்.

பிரௌசர் வேண்டுமென்றே கட்டிப்போடப்பட்ட ஒன்று. ஏதோ ஒரு வெப்சைட் உங்கள் கம்ப்யூட்டருக்குள் கைவிட்டுத் துழாவக் கூடாது என்பதற்காக அப்படிச் செய்திருக்கிறார்கள். கேமரா கார்டு, மோட்டாரை ஓட்டும் கார்டு, சென்சார் இவற்றோடு நேராகப் பேசுவதற்கு அது லாயக்கில்லை. தொழிற்சாலைகளும் மெஷின் இருக்கும் நெட்வொர்க்கை வெளி இணையத்தோடு சேர்க்க லேசில் சம்மதிப்பதில்லை. மெஷினின் ஆயுள் பதினைந்து இருபது வருடம்; அதோடு வந்த புரோகிராமுக்கும் ஏறக்குறைய அதே ஆயுள். அதனால்தான் அங்கே இன்றும் விண்டோஸ் 7 திரை கண்ணில் படுகிறது. அண்ணன் சிரிப்பார் பாருங்கள், எக்ஸ்பியைக்கூடப் பார்த்திருப்பார்.

1972-இல் இன்டெல் வந்ததிலிருந்து பினாங்கு இந்த மெஷின்களைச் சுற்றித்தான் வளர்ந்தது. முதலில் வெளிநாட்டு மெஷினை ஓட்டினோம். இப்போது விட்ரோக்ஸ், பென்டாமாஸ்டர் மாதிரி இங்கேயே பிறந்த நிறுவனங்கள் மெஷினைச் செய்து வெளிநாட்டுக்கு விற்கின்றன. உள்ளே ஓடும் புரோகிராமை இங்கே உட்கார்ந்துதான் எழுதுகிறார்கள். மாமா தினமும் பார்க்கும் கோலாலம்பூர் வங்கி, இ-வாலட், உணவு டெலிவரி என்று இருக்கிற ஊர். அங்கிருந்து பார்த்தால் டெஸ்க்டாப் செத்துப்போனதாகத்தான் தெரியும்.

அதே கட்டடத்தில் மேல்மாடிக்கு ஏறிப் பாருங்கள். என்ஜினியர் உட்கார்ந்து பிரௌசரில் யீல்டு, அதாவது நூற்றுக்கு எத்தனை சிப் நல்லது என்று, பார்க்கிறார், எந்த மெஷின் காலையிலிருந்து எத்தனை முறை நின்றது என்று வரைபடம் ஓடுகிறது. அது வெப். மெஷின் தன் கணக்கை ஜெம் என்கிற பொதுத் தரத்தில் சர்வருக்கு அனுப்ப, சர்வரிலிருந்து இந்தப் பக்கம் வருகிறது. கீழே டெஸ்க்டாப், மேலே வெப், நடுவில் ஒரு படிக்கட்டு. இரண்டு மாடியும் தெரிந்த ஆட்கள்தான் குறைவு. வெப் பையன்களுக்கு மெஷின் என்றால் பயம், மெஷின் ஆட்களுக்கு வெப்பில் எதைத் தொடுவது என்று தெரியாது. நம் பையன் கீழிருந்து தொடங்கி அந்தப் படியில் ஏறட்டும் என்கிறேன். சி ஷார்ப் அதற்குத் தோதான மொழி. விண்டோஸ் திரையும் அதில் எழுதலாம், சர்வரும் அதிலேயே எழுதலாம். டேட்டாபேஸிடம் கேட்பதற்கான மொழி இரண்டு பக்கமும் எஸ்க்யூஎல்தான்.

இன்னொன்று. பையன் புரோகிராம் எழுதுகிற விஎஸ் கோடு மென்பொருளை அவனைத் திறந்து காட்டச் சொல்லி, மாமாவிடம் கேளுங்கள், இது டெஸ்க்டாப்பா வெப்பா என்று. இன்ஸ்டால் செய்த மென்பொருள், ஆனால் உள்ளே இருப்பது குரோமின் இன்ஜின். மறுபக்கம், திரைகளை வடிவமைக்கும் ஃபிக்மா. பிரௌசரில் திறக்கும், ஆனால் அதன் வரைகலைப் பகுதி சி பிளஸ் பிளஸ்ஸில் எழுதி, பிரௌசர் வேகமாக ஓட்டக்கூடிய வெப்அசெம்பிளி வடிவத்துக்கு மாற்றியது. சி பிளஸ் பிளஸ் அந்தக் காலத்து டெஸ்க்டாப் எழுத்தாளர்களின் மொழி. வேலிக்கு இந்தப் பக்கம் அந்தப் பக்கம் என்று நாம் சண்டை போடுகிறோம், வேலியை ஆடு எப்போதோ மேய்ந்துவிட்டது.

ஆனால் எல்லா டெஸ்க்டாப் வேலையும் நல்ல வேலை இல்லை. பையன் வியாழக்கிழமை நேர்முகத்துக்குப் போகும்போது சிலவற்றைக் கேட்டே ஆக வேண்டும். சி ஷார்ப் புரோகிராம் ஓடும் தளமான டாட் நெட்டின் எந்தப் பதிப்பில் எழுதுகிறார்கள்? அதன் பழைய வகையான ஃபிரேம்வொர்க் 4.8.1-ஓடு நின்றுவிட்டது, இருப்பதைப் பராமரிக்க அது போதும், ஆனால் புதிய வேலையையும் அதிலேயே செய்கிறார்கள் என்றால் ஏன் என்று கேட்கட்டும். வாடிக்கையாளரின் நூலகம் ஏதோ பழையது, அதனால் மாற முடியவில்லை என்று காரணம் சொன்னால் ஏற்கலாம். "எப்போதும் இப்படித்தான்" என்றால் யோசிக்கட்டும். எழுதிய புரோகிராமை, ஒவ்வொரு மாற்றத்தையும் குறித்துவைக்கும் கிட் என்கிற மென்பொருளில் வைக்கிறார்களா, அல்லது "ஃபைனல்", "ஃபைனல் 2", "உண்மையான ஃபைனல்" என்று ஃபோல்டர் வைக்கிறார்களா? சிரிக்காதீர்கள், இரண்டாவது வகை நிறுவனத்தை என் கண்ணால் பார்த்திருக்கிறேன். அவன் எழுதியதை மூத்தவர் ஒருவர் படித்துத் திருத்துவாரா? எல்லாவற்றையும்விட முக்கியமாக, அவனை மெஷின் பக்கத்தில் நிற்க விடுவார்களா? செமஸ்டர் முழுக்க எக்செலில் ரிப்போர்ட் தட்டச் சொல்வார்கள் என்று தெரிந்தால், தயங்காமல் மாமா வீட்டுக்கு ரயில் ஏறட்டும். பட்டர்வொர்த்திலிருந்து நான்கு மணி நேரம்தான்.

கோலாலம்பூர் நிறுவனத்தைப் பற்றி நான் தயங்குவதற்கு ஒரு காரணம் உண்டு. அவர்கள் அனுப்பிய மின்னஞ்சலைப் பையன் எனக்குக் காட்டினான். வேலை, கடைகளுக்கு வெப்சைட் செய்து கொடுப்பது. பெயர், விலாசம், பொருள் பட்டியல், ஆர்டர் படிவம். இந்த வகை வேலையைத்தான் இன்று ஏஐ முதலில் எழுதிக் கொடுக்கிறது, அதுவும் நன்றாகவே. புதிதாக வரும் பையனுக்கு முதல் படியாக இருந்த வேலை அது. அந்தப் படியை இப்போது அரித்துக்கொண்டிருக்கிறார்கள். இதுவே ஒரு வங்கியின் பணப் பரிமாற்ற சர்வரில் வேலை என்றால் நானே டிக்கெட் எடுத்துக் கொடுத்திருப்பேன். மெஷின் வேலையிலும் ஏஐ வரத்தான் செய்கிறது, புரோகிராம் எழுத உதவுகிறது. ஆனால் கேமரா லென்ஸில் தூசி படிந்ததா, புரோகிராமில் பிழையா என்று கண்டுபிடிக்க ஓர் ஆள் கீழே இறங்கிப் போய்ப் பார்க்க வேண்டியிருக்கிறது.

பையன் சாயங்காலங்களில் என்ன செய்யலாம் என்றும் கேட்டிருந்தீர்கள். ஒரே ஒரு சின்ன வெப் வேலை போதும். உங்கள் கடைப் பாக்கிப் பட்டியலை, முதலாளி ஈப்போவிலிருந்து கைப்பேசியில் பார்க்கிற மாதிரி செய்யச் சொல்லுங்கள். உண்மையான வாடிக்கையாளர் பெயர்களைப் போடாமல், மாதிரிக் கணக்கை வைத்துச் செய்யட்டும். பாஸ்வேர்ட் எங்கே வைப்பது, இரண்டு பேர் ஒரே நேரத்தில் திருத்தினால் என்ன ஆகும், நெட் போய்விட்டால் என்ன ஆகும் என்று ஒவ்வொன்றாக முட்டிக்கொள்வான். சேர்ந்து போட்டோ எடுக்கிற சான்றிதழ் வகுப்பு எதிலும் இது கிடைக்காது. காசு கட்டிவிடாதீர்கள்.

டிகிரி பற்றி இப்போது முடிவு செய்ய வேண்டாம். பயிற்சி முடியட்டும். பிடிபிடிஎன் உயர்கல்விக் கடனை உடனே எடுக்க வேண்டிய அவசரமும் இல்லை. அந்தப் பேச்சுக்கு அவனோடு தனியாக ஒரு நாள் உட்கார வேண்டும், நீங்கள் இல்லாமல். கோபித்துக்கொள்ளாதீர்கள்.

கடைசியாக லேப்டாப். மாமா மேக் வாங்கித் தருகிறேன் என்று சொன்னது நல்ல மனசு. வேண்டாம் என்று பக்குவமாகச் சொல்லிவிடுங்கள். பாயான் லெப்பாஸில் அவன் எழுதப்போகும் திரைகள் விண்டோஸில்தான் ஓடும். செகண்ட்ஹேண்ட் பார்க்கிறீர்கள் என்றால் விண்டோஸ் 11 ஏறுகிற மாதிரி பாருங்கள். இன்டெல் சிப் என்றால் எட்டாம் தலைமுறைக்குக் கீழே வேண்டாம், ஏனென்றால் விண்டோஸ் 10-க்கு 2025 அக்டோபர் 14-ஓடு வழக்கமான ஆதரவு முடிந்துவிட்டது. ராம் 16 ஜிபி இருக்கட்டும். அப்புறம் ஷூ. சில தொழிற்சாலைகளில் செருப்போடு வந்தால் உள்ளே விட மாட்டார்கள், அண்ணனுடைய பழைய சேஃப்டி ஷூ அவனுக்குப் பொருந்துகிறதா என்று இன்றைக்கே போட்டுப் பார்க்கச் சொல்லுங்கள்.