அண்ணாவின் சொல்லும் உங்கள் கடனட்டையும்

கேள்வி (நீண்ட கடிதத்தின் சுருக்கம்): வெள்ளவத்தையில் வசிக்கிறேன். வயது 44, தனியார் நிறுவனமொன்றின் கணக்குப் பகுதியில் வேலை. அப்பா விட்டுச்சென்ற 1962ஆம் ஆண்டு மொரிஸ் மைனர் 1000 காரை நான்தான் பராமரிக்கிறேன். சஸ்பென்ஷன் புஷ்கள் (சக்கரங்களைத் தாங்கும் பாகங்களின் பொருத்துகளில் அதிர்வை உள்வாங்கும் உறைகள்) எல்லாம் தேய்ந்துவிட்டன. பஞ்சிகாவத்தையில் றப்பர் புஷ் தொகுதி 18,000 ரூபா சொல்கிறார்கள். கனடாவில் உள்ள அண்ணா, இங்கிலாந்திலிருந்து பொலியூரித்தேன் (சுருக்கமாகப் பொலி) என்ற செயற்கைப் பொருளில் செய்த புஷ்களை வரவழைத்துப் போடு, ஆயுள் முழுவதும் உழைக்கும் என்கிறார். தபால் செலவு, சுங்கத் தீர்வை, பெறுமதி சேர் வரி எல்லாம் சேர்த்து 95,000 ரூபா வரும். எதைப் பூட்டினாலும் கூலி 15,000தான். வங்கி, 5 வீதக் கட்டணத்துடன் 12 மாத வட்டியில்லாத் தவணை தருவதாகச் சொல்கிறது. கடனட்டையில் ஏற்கெனவே 310,000 ரூபா நிலுவை உண்டு. வட்டி 26 வீதம், மாதாமாதம் குறைந்தபட்சத் தொகையைத் தவறாமல் கட்டுகிறேன். 8 வீத வட்டியில் 400,000 ரூபா நிலையான வைப்பும் உண்டு. அண்ணா ஆகஸ்டில் வந்து இந்தக் காரிலேயே யாழ்ப்பாணம் போக வேண்டும் என்கிறார். எந்தப் புஷ் வாங்குவது? இரவில் இதே யோசனையாக இருக்கிறது.

பதில்: கணக்குப் பகுதியில் வேலை செய்பவருக்குக் கூட்டு வட்டியைப் பற்றி நான் விளக்கத் தேவையில்லை. ஆனால் உங்கள் கடிதத்தில் நீங்கள் போகிற போக்கில் எழுதியிருக்கும் ஒரு வரியில்தான் என் கண் நின்றது: சென்ற ஆண்டு இதே மாதத்தில் அட்டை நிலுவை 285,000 ரூபாவாக இருந்தது என்கிறீர்கள். பன்னிரண்டு மாதம் ஒரு தவணைகூடத் தவறாமல் கட்டிய ஒருவருடைய கடன் 25,000 ரூபாவால் கூடியிருக்கிறது.

கணக்கைச் சுமாராகப் போட்டுப் பார்ப்போம். குறைந்தபட்சத் தொகை நிலுவையில் 5 வீதம் என்று எடுத்தால், நீங்கள் ஆண்டு முழுவதும் கட்டியது ஏறத்தாழ 178,000 ரூபா. அதில் 77,000 ரூபா வட்டிக்குப் போயிருக்கும். மிகுதி ஒரு இலட்சம் முதலைக் குறைத்திருக்க வேண்டும். குறையவில்லை என்றால், மாதம் பத்தாயிரத்துச் சொச்சத்துக்கு அட்டையில் புதிதாக ஏதோ வாங்கிக்கொண்டே இருந்திருக்கிறீர்கள் என்று பொருள். அவை என்ன என்பதையும் நீங்களே எழுதியிருக்கிறீர்கள்: இருக்கை உறை, வயரிங் வேலை, முன் கதவுக்குப் பூச்சு. ஒவ்வொன்றுக்கும் முன்னால் "அண்ணா சொன்னார்" என்ற சொற்கள் வருகின்றன. நான்கு இடங்களில் அப்படி எழுதியிருக்கிறீர்கள்; அண்ணா பணம் அனுப்பினார் என்று ஓரிடத்திலும் இல்லை.

தொலைபேசியில் அவர் ஒன்றைச் சொல்வதும், அன்றிரவே நீங்கள் அதை அட்டையில் வாங்கிவிடுவதுமான இந்தப் பழக்கத்தைத்தான் நான் நிறுத்தச் சொல்கிறேன். அப்பாவின் காரைச் சரியாக வைத்திருக்கவில்லை என்ற சொல்லைக் கேட்க நேருமோ என்ற பயம் அதற்குப் பின்னால் இருப்பது விளங்குகிறது. உடன்பிறந்தவர்கள் வெளிநாட்டில் இருக்க, ஊரில் வீட்டையும் பெற்றோரையும் பொருட்களையும் காத்துக்கொண்டிருக்கும் பலருக்கு இந்தப் பயம் உண்டு. ஆனால் அந்தப் பயத்துக்கு நீங்கள் ஆண்டுக்கு 77,000 ரூபா வட்டி கட்டுகிறீர்கள். இரண்டு புஷ் தொகுதிகளுக்கும் இடையிலான விலை வித்தியாசமும் சரியாக அதே 77,000தான்.

வட்டியில்லாத் தவணை என்ற பெயரைக் கண்டு தயவுசெய்து மயங்காதீர்கள். 95,000 ரூபாவுக்கு 5 வீதக் கட்டணம் 4,750. மொத்தத்தைப் பன்னிரண்டால் பிரித்தால் மாதம் 8,300 ரூபாவுக்குச் சற்று மேல். மாதாந்தக் கூற்றில் உள்ள முழுத் தொகையையும் கட்டுபவருக்குத்தான் அது வட்டியில்லாதது. குறைந்தபட்சத் தொகையை மட்டும் கட்டுபவருக்கு, அந்த மாதத் தவணையில் கட்டாமல் விட்ட பகுதி பழைய நிலுவையோடு சேர்ந்து அதே 26 வீத வட்டியை இழுக்கத் தொடங்கிவிடும். விளம்பரத்தில் பெரிய எழுத்தில் பூச்சியத்தைப் போட்டு, இந்த விபரத்தைக் கீழே பொடி எழுத்தில் போடும் வழக்கம் எனக்கு எப்போதும் கோபமூட்டுவது. ஏனெனில் அதில் அகப்படுபவர்கள் உங்களைப் போலத் தவறாமல் கட்டும் நேர்மையானவர்களே.

அடுத்தது அந்த நிலையான வைப்பு. 8 வீதப்படி ஆண்டுக்கு 32,000 ரூபா வட்டி. 10 வீத நிறுத்திவைத்தல் வரி போனால் கையில் 28,800. அதே ஆண்டில் 310,000 ரூபா அட்டைக் கடனுக்கு வட்டி 80,600. ஒரு கையில் 8 வீதத்துக்குக் கொடுத்துவிட்டு மறு கையில் 26 வீதத்துக்கு வாங்கிக்கொண்டிருக்கிறீர்கள். முதிர்வுக்கு முன் உடைத்தால் வட்டியில் ஒரு பகுதி போகும், போகட்டும். உடைத்து, அட்டையை ஒரே தடவையில் அடைத்துவிடுங்கள். மிஞ்சும் 90,000 ரூபாவை அவசரத்துக்கென்று வைத்துக்கொள்ளுங்கள். இப்போது வங்கிக்குப் போகும் 15,500 ரூபாவை மாதாமாதம் சேமிப்பில் போட்டால் இருபதே மாதத்தில் 310,000 திரும்பிவிடும். வைப்பைத் தொடாமல், புதிதாக எதுவும் வாங்காமல், அதே 15,500ஐ அட்டைக்கே கட்டி வந்தால் கடன் தீர இருபத்தாறு, இருபத்தேழு மாதம் பிடிக்கும், ஒரு இலட்சம் ரூபா அளவில் வட்டியும் போகும். அட்டையின் கடனெல்லையை 50,000 ரூபாவுக்குக் குறைக்கச் சொல்லி வங்கிக்கு ஒரு கடிதமும் எழுதுங்கள்.

இனி புஷ். றப்பரையே வாங்குங்கள்.

ஆண்டுக்கு 1,500 கிலோமீற்றர் மட்டுமே ஓடுவதாக எழுதியிருக்கிறீர்கள். றப்பர் புஷ்ஷை ஆறாண்டுக்கு ஒருமுறை மாற்றுவதாகவே வைத்துக்கொள்வோம்: கூலியோடு 33,000, பதினெட்டு ஆண்டில் மூன்று தடவைக்கு 99,000 ரூபா. பொலி ஒரே தடவைக்குக் கூலியோடு 110,000. றப்பரின் விலை ஏறாதா என்று கேட்பீர்கள். ஏறும், ஆனால் இன்று செலவாகாத 77,000 ரூபாவும் அத்தனை காலம் வட்டியோடு வளர்ந்துகொண்டிருக்கும். ஆக, அண்ணா சொல்வதை அப்படியே ஏற்றாலும் மிச்சமில்லை. பொலி இறுக்கமானது, வளைவுகளில் கார் நிதானமாக நிற்கும், எண்ணெய் பட்டாலும் ஊதாது. அதே இறுக்கத்தால் வீதியின் அதிர்வு உடலுக்கு ஏறும், உரிய கிறீஸ் இல்லாமல் பூட்டினால் கிறீச்சிடும். காலி வீதியில் ஞாயிற்றுக்கிழமை கோயிலுக்குப் போய்வரும் ஒரு மைனருக்கு, அது பிறக்கும்போதே வந்த றப்பரின் மென்மை போதும்.

ஒரேயொரு விதிவிலக்கு. உங்கள் காரில் முன் ஷொக் அப்சோர்பரிலிருந்தோ எஞ்சினிலிருந்தோ எண்ணெய் கசிந்து முன் புஷ்களின் மேல் வடிகிறதா என்று பாருங்கள். றப்பருக்கு எண்ணெய் பகை. முதலில் கசிவை நிறுத்துங்கள். நிறுத்தவே முடியாது என்றால் அந்த இடத்துக்கு மட்டும் ஒரு சோடி பொலி போடலாம், முழுத் தொகுதி வேண்டாம். "பழைய ஒரிஜினல், பெட்டியே பிரிக்கவில்லை" என்று கடைக்காரர் நீட்டினால் கூடுதல் விலை கொடுத்துவிடாதீர்கள். ஓடாவிட்டாலும் றப்பர் பெட்டிக்குள்ளேயே கிழடாகும். நகத்தால் அழுத்தினால் அமிழ்ந்து மீள வேண்டும். மடித்தால் மேலே மயிரிழை வெடிப்புத் தெரியக்கூடாது.

பூட்டும்போது நீங்களும் கூடவே நில்லுங்கள்; காரைச் சக்கரங்களில் இறக்கி நிறுத்திய பிறகுதான் நட்டுகளை இறுக்க வேண்டும். என்னுடைய பழைய காருக்கு ஒரு கராஜில் புதுப் புஷ் போட்டபோது, சக்கரங்கள் அந்தரத்தில் தொங்க, காரை உயர்த்தி வைத்தபடியே நட்டுகளை இறுக்கிவிட்டார்கள். காரைக் கீழே இறக்கியதும் றப்பர் முறுகியது முறுகியபடி நின்றது. எட்டு மாதத்தில் கழற்றிப் பார்த்தபோது உட்பக்கம் துருவிய தேங்காய்ப்பூப் போலக் கறுப்பாக உதிர்ந்தது. கூலியை இரண்டாம் தடவையும் கொடுத்தேன்.

யாழ்ப்பாணப் பயணத்துக்குப் புஷ்ஷைவிட முக்கியமானது முன் சக்கரத்தைத் தாங்கும் ட்ரனியன். ஆயிரம் மைலுக்கு ஒருமுறை கிறீஸ் அடிக்காமல் விட்டால் அதன் மரை தேய்ந்து, ஓடிக்கொண்டிருக்கும்போதே சக்கரம் உள்ளே மடிந்துவிடும். மைனர்களுக்கு உள்ள பழைய நோய் இது. அதையும் பிரேக்கையும் பார்ப்பதற்கு அந்த 90,000 ரூபாவிலிருந்து எடுங்கள், தயங்க வேண்டாம்.

அண்ணாவுக்கு இப்படி எழுதலாம்: "அண்ணா, பஞ்சிகாவத்தையில் நல்ல றப்பர் புஷ் பார்த்துவிட்டேன், அதைப் போடுகிறேன். நீங்கள் சொல்லும் பொலி வேண்டுமென்றால் வித்தியாசம் 77,000 ரூபா வருகிறது. ஜூன் முடிவதற்குள் அனுப்பினால் அதையே வரவழைத்துப் பூட்டிவைக்கிறேன். அப்பாவின் கார் உங்களுக்காகத் தயாராக இருக்கும்." இதில் மரியாதைக் குறைவான சொல் ஒன்றுமில்லை. பதில் வரும்வரை எதையும் வாங்காதீர்கள். ஜூனுக்குள் பணம் வரவில்லையென்றால் ஜூலை முதல் வாரத்தில் றப்பரைப் பூட்டி, நூறு கிலோமீற்றர் ஓட்டிப் பார்த்து, நட்டுகளை ஒருமுறை சரிபார்க்கச் சொல்லுங்கள்.